கணக்கைக் காட்டச் சட்டம் வேண்டும்! காகிதத்தைக் காக்கச் சட்டம் வேண்டும்!

(ஸ்ரீவைகுண்டத்தில் நடைபெற்ற கோரிக்கை விளக்கக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டத்துக்கு நோட்டீஸ் கொடுக்கப் போனபோது ஊருக்கு ஊர் ஒரே கேள்விதான் வந்தது. "அண்ணாச்சி, உரம் நேரத்துக்குக் கிடைக்கல. பன்னி வந்து வாழையைப் பூரா சாய்ச்சிட்டுப் போகுது. அதைப் பேசாம ஆவணச் சட்டம், லோக் ஆயுக்தான்னு கூட்டம் போடுதியளே, இது படிச்சவங்க சமாச்சாரம்லா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும்.

உரத்தையும் பன்றியையும் சங்கம் கைவிடவில்லை. ஆனால் எந்தக் கோரிக்கையைத் தூக்கிக்கொண்டு போனாலும் கடைசியில் நாம் போய் நிற்பது ஒரு மேசைக்கு முன்னால். மேசை மேல் ஒரு பதிவேடு. அதில் நம்மைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று நமக்குத் தெரியாது. தப்பாக எழுதினவரைக் கேட்க நமக்கு வழியில்லை. எழுதின தாளே ஒருநாள் காணாமல் போனால் அதற்குப் பொறுப்பு யார் என்பதும் கிடையாது. தண்ணி வேண்டும், நிவாரணம் வேண்டும், பட்டா வேண்டும் என்ற நம்முடைய எல்லாக் கோரிக்கையும் இந்த மூன்று சிக்கலில்தான் மாட்டிக் கிடக்கிறது. அதனால்தான் இந்தக் கூட்டம்.

அடங்கலில் ஏறாத வாழை

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம்மில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் திருச்செந்தூர் ரயில் நின்றுபோய், நூற்றுக்கணக்கான பயணிகள் சோறு தண்ணியில்லாமல் தவித்ததை நாடே டி.வி.யில் பார்த்தது. நம் நெல்லும் வாழையும் வெற்றிலையும் போனதை நாம் மட்டும்தான் பார்த்தோம்.

நிவாரணம் அறிவித்தார்கள். 33 சதவீதத்துக்கு மேல் சேதமான பாசனப் பயிருக்கு எக்டேருக்கு 17,000 ரூபாய். பல்லாண்டுப் பயிருக்கும் மரத்துக்கும் 22,500 ரூபாய். மானாவாரிக்கு 8,500 ரூபாய். தொகை போதாது என்பது தனிச் சண்டை. அந்தத் தொகையாவது யாருக்குப் போக வேண்டும் என்பதை எது முடிவு செய்கிறது? அடங்கல்! எந்தச் சர்வே நம்பரில், எந்தப் பசலியில், என்ன பயிர், யார் வைத்தது என்று வி.ஏ.ஓ. எழுதுகிற அந்தப் பதிவேடுதான்.

பட்டா ஒருவர் பெயரில் இருக்கிறது. அவர் சென்னையிலோ மும்பையிலோ இருக்கலாம். நிலம் கோயிலுடையதாக இருக்கலாம், மடத்துடையதாக இருக்கலாம். கடன் வாங்கி வாழை வைத்தவர் குத்தகைக்காரர். வெள்ளத்தில் போனது அவருடைய வாழை. பதிவேட்டில் அவர் பெயர் இல்லையென்றால் அரசாங்கத்தைப் பொறுத்தவரை அந்த மனுஷர் அங்கே பயிர் வைக்கவே இல்லை!

இதற்குச் சட்டம் இல்லையா? இருக்கிறது. தமிழ்நாடு விவசாய நிலங்கள் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம், 1969-ஆம் வருஷத்துச் சட்டம். வாரதாரர், குத்தகைதாரர் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று சொல்லுகிற சட்டம். அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. அந்தப் பதிவேட்டில் பெயர் ஏறியவர்கள் கை தூக்குங்கள் என்று இந்தக் கூட்டத்தில் கேட்டால் எத்தனை கை எழும் என்று உங்களுக்கே தெரியும். சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. பெயர் ஏற்றாமல் விட்டவரைக் கேள்வி கேட்க ஆள் இல்லை.

பட்டாதாரர்கள் பாடு மட்டும் சுகமா? 1980-களில் நடந்த யு.டி.ஆர். நில அளவையில் ஒருவர் நிலம் இன்னொருவர் பெயருக்குப் போனது, பரப்பு குறைந்தது, உட்பிரிவு மாறினது என்று எத்தனை வழக்கு! ஒரு குமாஸ்தாவின் பேனா அன்றைக்குச் சறுக்கியது. அப்பா அலைந்தார், மகன் அலைகிறார், பேரன் தலையெடுத்தும் திருத்தம் வரவில்லை. பழைய பதிவேடு இருந்தால்தானே தப்பை நிரூபிக்க முடியும்? அது இருக்கிறதா, செல்லரித்ததா, யாராவது கிழித்தார்களா? யாரைக் கேட்பது?

அணைக்குள்ளே எவ்வளவு மண்? ஆற்றிலிருந்து எவ்வளவு தண்ணி?

தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டு. கோடைமேலழகியானில் தொடங்கி மருதூர் வரை ஏழும் பழைய காலத்து அணைகள். எட்டாவதும் கடைசியுமான நம் ஸ்ரீவைகுண்டம் அணை 1870-களில் பிரிட்டிஷ்காரர் காலத்தில் வந்தது. வடகாலும் தென்காலுமாகச் சுமார் 25,000 ஏக்கருக்கு உயிர் கொடுக்கிற அணை. மேலே உள்ள ஏழு அணைக்காரரும் எடுத்தது போக மிச்சம்தான் நமக்கு. கோரம்பள்ளம் வரை போய்ச் சேர வேண்டிய தண்ணி, வழியில் உள்ள ஒவ்வொரு குளத்தையும் நிரப்பிவிட்டுத்தான் போக வேண்டும். கடைமடைக்காரனுக்கு ஒரு அடி தண்ணியும் ஒரு போகம்.

அந்த அணை மண் மேடிட்டுப் போனது ஊரறிந்த சங்கதி. உள்ளே சீமைக்கருவேலமும் நாணலும் காடாக நின்றது. தூர் வாருங்கள் என்று மனுக் கொடுத்தோம், ஊர்வலம் போனோம். கடைசியில் 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்குப் போன பிறகுதான் வேலை தொடங்கியது. தொடங்கியதும் அடுத்த சண்டை: அள்ளுவது வண்டலா, மணலா? வண்டல் நம் வயலுக்கு உரம். மணல் கான்ட்ராக்டருக்குக் காசு. "தூர் வாருதோம்" என்ற பெயரில் லாரி லாரியாக என்ன போகிறது என்று கரையில் நின்று எண்ணிப் பார்க்க வேண்டிய நிலைமைக்கு விவசாயி தள்ளப்பட்டான்.

கரையில் நின்று எண்ண வேண்டிய அவசியம் என்ன? வேலைக்கு முன்னால் லெவல் எடுக்கிறார்கள். வேலை முடிந்து லெவல் எடுக்கிறார்கள். எத்தனை கன மீட்டர் மண் எடுத்தோம் என்று அளவுப் புத்தகத்தில் எழுதுகிறார்கள். அதை வைத்துத்தான் பில் போடுகிறார்கள். இந்த மூன்று தாளை அணைக்கரையில் ஒரு போர்டில் ஒட்டினால் சண்டை தீர்ந்தது. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-லேயே வந்தது. டெண்டர் விடும்போது வெளிப்படை வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். டெண்டர் எடுத்த பிறகு நடந்த வேலையின் கணக்கை ஊர் மக்கள் கண் முன்னால் வைக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்த ஒன்றும் இல்லையே!

தூத்துக்குடி தொழிற்சாலைகளுக்காக 1970-களில் கொண்டுவந்த 20 எம்.ஜி.டி. திட்டமும் இதே கதைதான். நாளொன்றுக்கு 2 கோடி காலன், லிட்டரில் சொன்னால் ஒன்பது கோடி லிட்டர். குடிக்கத் தண்ணி, பிறகு பாசனம், அதற்குப் பிறகுதான் ஆலை என்பது நியாயம். பிசானத்தில் பயிர் கருகும் நாளில் ஆலைக்கு எவ்வளவு போனது, வாய்க்காலுக்கு எவ்வளவு வந்தது என்று அன்றாடம் எழுதுகிற பதிவேடு இருக்கத்தானே செய்யும்? அதை நம் கண்ணில் காட்டினால் என்ன? இந்தத் தண்ணிப் பிரச்சினையையும் தீர்ப்பாயம் வரை தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

எழுதினவரை வெட்டினார்கள்

இதே ஸ்ரீவைகுண்டத்தில் 1925-ல் பிறந்த தோழர் இரா. நல்லகண்ணு, எண்பத்து நாலு வயதில், 2010-ல், உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் தாமே நின்று வாதாடி, தாமிரபரணியில் மணல் அள்ள ஐந்து வருஷத் தடை வாங்கினார். தடை வந்தது. திருட்டு நின்றதா?

2023 ஏப்ரல் 25. நம் தாலுகாவில், முறப்பநாடு கோவில்பத்து வி.ஏ.ஓ. லூர்து பிரான்சிஸ். ஆற்றில் மணல் திருடுகிறார்கள் என்று போலீசில் எழுதிக் கொடுத்தவர். பட்டப்பகலில், அரசு அலுவலகத்துக்குள், அவர் நாற்காலியிலேயே வைத்து வெட்டினார்கள். அதே வருஷம் செப்டம்பரில் தூத்துக்குடி நீதிமன்றம் இரண்டு பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. தண்டனை கிடைத்தது சரி. போன உயிர் வருமா?

வி.ஏ.ஓ. என்றாலே லஞ்சம் என்று வாய்க்கு வந்தபடி பேசுகிறோமே, தோழர்களே, அந்த மனுஷர் செய்தது என்ன? தம் கடமையைக் காகிதத்தில் எழுதினார். அவ்வளவுதான். நேர்மையான அலுவலரும் நம் ஆளே. அவரைப் பாதுகாக்கவும்தான் நாம் சட்டம் கேட்கிறோம். புகார் கொடுத்தவரைக் காக்கும் சட்டம் ஒன்று டெல்லியில் 2014-ல் நிறைவேறி, குடியரசுத் தலைவர் கையெழுத்தும் ஆனது. அமலுக்கு வரும் தேதியை அறிவிக்காமலே பத்து வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டார்கள். புகார் கொடுப்பவன் உயிருக்கு உத்தரவாதம் இல்லாத நாட்டில் லஞ்ச ஒழிப்பு வாரம் கொண்டாடி என்ன பிரயோஜனம்?

சட்டங்கள் வந்த கதை

கணக்குக் கேட்பது இன்று நேற்று வந்த பழக்கமில்லை. திருநெல்வேலிக்கு வடக்கே மானூர் கோயிலில் பாண்டியன் மாறஞ்சடையன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. சுமார் 1,200 வருஷம் பழசு. ஊர்ச் சபையில் உட்கார என்ன தகுதி வேண்டும், வேண்டுமென்றே எல்லாவற்றுக்கும் குறுக்கே நின்று சபையை முடக்கினால் எத்தனை காசு அபராதம் என்றெல்லாம் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் சொந்தக்காரர்களும் மறுபடி வாரியத்துக்கு வரக்கூடாது என்று விதி செய்தார்கள். அந்தச் சபைகளில் உழுதவனுக்கு இடம் இருந்ததில்லை. அதை நாம் மறக்கவில்லை. ஆனாலும் கணக்குக் காட்டாதவனுக்குப் பதவி கிடையாது என்ற நியாயத்தைக் கோயில் சுவரில், நாலு பேர் பார்க்கிற இடத்தில் வெட்டி வைத்தார்களே, அது பெரிய காரியம்.

நம் காலத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் 1973-லேயே பொது வாழ்வில் இருப்பவர்கள் குற்ற நடத்தை பற்றி ஒரு சட்டம் போட்டார்கள். 1974-ல் அமலுக்கு வந்தது. 1977-ல் அதையே நீக்கிவிட்டார்கள். பிறகு நாற்பது வருஷம் அப்படி ஒன்று இல்லாமலே ஓடியது.

தகவல் உரிமைக்கு இந்தியாவிலேயே முதல் மாநிலச் சட்டம் போட்டதும் தமிழ்நாடுதான், 1997-ல். பெருமைதான். உள்ளே பார்த்தால் விதிவிலக்குகள் நிறைய. தகவல் கொடுக்காத அதிகாரிக்குத் தண்டனை கிடையாது. மடை இருந்தது, தண்ணி வரவில்லை. ராஜஸ்தானில் ஏழை விவசாயிகளும் கூலிக்காரர்களும் சேர்ந்து, எங்கள் பணம், எங்கள் கணக்கு என்று கோஷம் போட்டார்கள். 1994-லிருந்து ஊர் ஊராக மக்கள் விசாரணை நடத்தி, பஞ்சாயத்து பில்லை மைக்கில் வாசித்தார்கள். செத்தவர் பெயரில் கூலி, கட்டாத கட்டடத்துக்குச் செலவு எல்லாம் வெளியே வந்தது. 1996-ல் பியாவர் நகரில் நாற்பது நாள் தெருவில் உட்கார்ந்தார்கள். அந்தப் போராட்டத்தின் வழியில்தான் 2005-ல் நாட்டுக்கே தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. 30 நாளில் பதில் தராவிட்டால் நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அதிகாரியின் கையிலிருந்து அபராதம் என்ற பல்லும் அதில்தான் வந்தது. அந்தச் சட்டத்தைப் பெற்றுத் தந்தவர்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் எத்தனையோ பேர். "இது படிச்சவங்க சமாச்சாரம்" என்று சொன்ன தோழர்களுக்கு இதுதான் பதில்.

லோக் ஆயுக்தாவுக்கு வருவோம். மந்திரி முதல் அலுவலர் வரை ஊழல் புகாரை விசாரிக்கும் அமைப்பு. மகாராஷ்டிரத்தில் 1970-களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. 2013-ஆம் வருஷத்து மத்தியச் சட்டம், ஒரு வருஷத்துக்குள் எல்லா மாநிலமும் அமைக்க வேண்டும் என்றது. தமிழ்நாடு அசையவில்லை. உச்ச நீதிமன்றம் 2018 ஜூலை 10-ஆம் தேதி என்று கெடு வைத்தது. ஜூலை 9-ஆம் தேதி சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது! கெடுவுக்கு முதல் நாள்! அவசரத்தில் கட்டின கரை எப்படி இருக்கும்? ஒப்பந்தம், பணி நியமனம், உள்ளாட்சி என்று பல கதவுகளைச் சாத்தி வைத்திருக்கிறார்கள் என்று அப்போதே குறை சொன்னார்கள். எதிர்க்கட்சி வெளிநடப்புச் செய்தது. தேர்வுக் குழுவில் முதலமைச்சர், சபாநாயகர், எதிர்க்கட்சித் தலைவர். நீதிபதி யாரும் இல்லை. பொய்ப் புகார் என்று முடிவானால் புகார் கொடுத்தவருக்கு ஒரு வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். ஒரு ஏக்கர் குத்தகைக்காரன் இதைப் படித்தால் புகார் எழுத பேனாவை எடுப்பானா, எடுத்த பேனாவைக் கீழே வைப்பானா?

காகிதம் எப்படிச் சாகிறது

இப்போது நம்முடைய முக்கியக் கோரிக்கை. நம் சங்கத்து விவசாயி ஒருவர் தம் நிலத்தின் பழைய உத்தரவு நகல் கேட்டுத் தகவல் உரிமையில் மனுப் போட்டார். ஓர் அலுவலகத்திலிருந்து ஒரே வரியில் பதில் வந்தது: கோப்பு கிடைக்கப்பெறவில்லை. முடிந்தது கதை! தேடிப் பார்த்தார்களா, எப்போது தொலைந்தது, கடைசியாக யார் கையில் இருந்தது, ஒன்றும் இல்லை. கோப்பைக் காணோம் என்பது தகவல் தராமல் இருக்கக் காரணமாகாது, விசாரணை நடத்திப் பொறுப்பு யார் என்று காண வேண்டும் என்று 2013-லேயே டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. இங்கே யார் கேட்கிறார்கள்?

இன்னொன்று பாத்துக்கிடுங்க. நமக்கு வருகிற பதில் கடிதத்தின் மேலே ஓ.மு. என்றோ, மூ.மு. என்றோ, ப.மு. என்றோ ஒரு எண் போட்டிருப்பார்கள். நாம் அதைப் பார்ப்பதே இல்லை. ஓ.மு. என்றால் ஓராண்டு முடிவு, மூ.மு. மூன்றாண்டு முடிவு, ப.மு. பத்தாண்டு முடிவு. அந்தக் கோப்பை அத்தனை வருஷம் வைத்திருந்துவிட்டு அழிக்கலாம் என்று அர்த்தம். அதாவது உங்கள் மனுவுக்கு ஆயுள் எத்தனை வருஷம் என்பதை அந்த மேசைக்காரர் அங்கேயே எழுதிவிடுகிறார். வாய்க்கால் ஆக்கிரமிப்பு பற்றின மனுவை ஓராண்டு முடிவில் கட்டினால், வழக்கு கோர்ட்டுக்குப் போகும்போது தாள் இருக்குமா?

மத்திய அரசின் ஆவணங்களுக்கு 1993-லேயே பொது ஆவணச் சட்டம் இருக்கிறது. முறை மீறி ஆவணத்தை அழித்தால் ஐந்து வருஷம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்தச் சட்டம் தாலுகா ஆபீசுக்கும் பஞ்சாயத்துக்கும் வராது. மகாராஷ்டிரம் 2005-லும் கர்நாடகம் 2010-லும் தங்களுக்கென்று தனிச் சட்டம் செய்துகொண்டன. அடங்கலும், அ-பதிவேடும், அளவுப் புத்தகமும், அணையின் நீர் அளவுப் பதிவேடும் இருப்பது மாநில அரசின் அலுவலகங்களில். அவற்றைக் காக்கும் வலுவான சட்டத்தை மாநிலச் சட்டமன்றம்தான் செய்ய வேண்டும்.

"இப்ப எல்லாம் கம்ப்யூட்டர்ல வந்துட்டே, காகிதம் எதுக்கு?" என்று கேட்கிறார்கள். பட்டா, சிட்டா ஆன்லைனில் வந்தது நல்லது, வரவேற்கிறோம். ஆனால் தப்பாக இருந்த பதிவைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் தப்பு வேகமாகக் கிடைக்கும், அவ்வளவுதான். கம்ப்யூட்டரில் ஒரு பெயரை மாற்றியது யார், எந்தத் தேதியில், எந்த உத்தரவின் பேரில் என்ற தடயமும் ஆவணம்தான். அதையும் காக்க வேண்டும்.

டெல்லியில் போட்ட புதுப் பூட்டு

இருந்த உரிமையிலும் கை வைத்துவிட்டார்கள். 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று நிறைவேறியது. அதன் ஒரு பிரிவு தகவல் உரிமைச் சட்டத்தையே திருத்துகிறது. 2025 நவம்பரில் அது அமலுக்கு வந்தது. முன்பு, பொது நலனுக்குச் சம்பந்தம் இல்லாத தனிப்பட்ட விவரத்தை மட்டும் மறுக்கலாம் என்று இருந்தது. இப்போது தனிப்பட்ட விவரம் என்றாலே மறுக்கலாம் என்று ஆக்கிவிட்டார்கள்.

நமக்கு என்ன நஷ்டம்? எங்கள் ஊரில் வெள்ள நிவாரணம் யார் யாருக்குப் போனது, பயிர் வைக்காதவன் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டால், "பெயர் தனிநபர் விவரம், தர முடியாது" என்று சொல்ல வழி கிடைத்திருக்கிறது. போலிப் பெயர்களுக்குப் பாதுகாப்பு! ஒரு வாசல் மட்டும் இன்னும் திறந்திருக்கிறது. மறைப்பதில் உள்ள நன்மையைவிட வெளியிடுவதில் உள்ள பொது நன்மை பெரிதானால் கொடுக்கலாம் என்ற 8(2) பிரிவு அப்படியே இருக்கிறது. மனுவில் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டே கேளுங்கள்.

சட்டம் வந்தால் போதுமா?

போதாது. சட்டம் என்பது மடை மாதிரி. மடை இல்லாவிட்டால் தண்ணி வராது. மடை இருந்தாலும் மண்வெட்டியோடு போய்த் திறந்துவிட ஆள் வேண்டும். 1969 குத்தகைச் சட்டத்துக்கு நடந்தது நம் புதுச் சட்டத்துக்கும் நடக்கக் கூடாது என்றால் ஊருக்கு இரண்டு பேராவது பயிற்சி பெற வேண்டும். சட்டம் வரும் வரையிலும் கையில் இருக்கிறதை வைத்து வேலையை ஆரம்பிப்போம்.

ஒன்று: வாய்மொழியாக எதையும் கேட்காதீர்கள். மனுவாகக் கொடுங்கள். ஒப்புகை வாங்காமல் இடத்தை விட்டு நகராதீர்கள். நகலை வீட்டில் ஒரு பெட்டியில் வையுங்கள். கலெக்டர் ஆபீசில் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் பேசுவதையும் எழுத்தில் கொடுத்துவிட்டே பேசுங்கள்.

இரண்டு: தகவல் உரிமை மனுவுக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ வில்லை போதும். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கு அதுவும் வேண்டாம். எதற்காகக் கேட்கிறாய் என்று கேட்க அவர்களுக்கு உரிமை இல்லை. "ஏன் தூர் வாரவில்லை?" என்று கேட்காதீர்கள், பதில் சுற்றி விடுவார்கள். "இந்த வாய்க்கால் வேலைக்கான மதிப்பீட்டின் நகல், ஒப்பந்த உத்தரவின் நகல், அளவுப் புத்தகப் பக்கங்களின் நகல், பில் கொடுத்த தேதியும் தொகையும்" என்று ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

மூன்று: கோப்பை நேரில் பார்க்கவும், நடக்கிற வேலையைப் போய்ப் பார்க்கவும், போட்ட சிமெண்ட் கலவையில் மாதிரி எடுக்கவும் அந்தச் சட்டமே உரிமை கொடுக்கிறது. கோப்பைப் பார்க்க முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. தனியாகப் போகாதீர்கள், இரண்டு மூன்று பேராகப் போங்கள்.

நான்கு: 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு. அதிலும் நியாயம் இல்லாவிட்டால் 90 நாளுக்குள் தகவல் ஆணையம். இந்தத் தேதிகளைத் தவறவிட்டால் உங்கள் பக்கம் நியாயம் இருந்தும் தோற்றுவிடுவீர்கள்.

ஐந்து: ஜமாபந்தி வருகிறது என்று தெரிந்தால் முந்தின வாரமே ஊரில் உட்கார்ந்து பேசுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை கிராமக் கணக்கு பூராவும் அதிகாரி முன்னால் விரிகிற நாள் அது. குத்தகைக்காரர்கள் பெயர் ஏற்ற மனுவை அன்றைக்கே கும்பலாகக் கொடுப்போம். கிராம சபையிலும் இதைத் தீர்மானமாகப் போடுவோம்.

நம் கோரிக்கைகள்

1. அடங்கல், அ-பதிவேடு, அளவுப் புத்தகம், நீர் அளவுப் பதிவேடு, பஞ்சாயத்துக் கணக்கு அனைத்தையும் உள்ளடக்கிய மாநிலப் பொது ஆவணச் சட்டம் இயற்ற வேண்டும். ஆவணத்தை அழிக்கும் முன் பட்டியலை ஊரில் ஒட்டி ஆட்சேபம் கேட்க வேண்டும். ஆவணம் தொலைந்தால் 30 நாளில் விசாரணை நடத்திப் பொறுப்பானவர் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும்.

2. லோக் ஆயுக்தா சட்டத்தைத் திருத்த வேண்டும். ஒப்பந்த ஊழலைத் தடையில்லாமல் விசாரிக்கும் அதிகாரமும் சொந்தப் புலனாய்வுப் பிரிவும் வேண்டும். தேர்வுக் குழுவில் நீதிபதி இடம்பெற வேண்டும். நல்லெண்ணத்தோடு கொடுத்த புகார் நிரூபணமாகாமல் போனால் புகார்தாரரைத் தண்டிக்கக் கூடாது.

3. பட்டா மாறுதல், அடங்கல் நகல், நிவாரணம் ஆகியவற்றுக்கு நாள் கெடு வைத்து, தாமதத்துக்கு அதிகாரியின் சம்பளத்தில் அபராதம் பிடிக்கும் சேவை உரிமைச் சட்டம் வேண்டும். மத்தியப் பிரதேசம் 2010-லும், பீகார் 2011-லும், கேரளம் 2012-லும் இப்படிச் சட்டம் செய்திருக்கின்றன.

4. மணல் கொள்ளை, ஊழல் பற்றிப் புகார் கொடுக்கும் விவசாயிக்கும் அரசு அலுவலருக்கும் மாநில அரசே பாதுகாப்பு கொடுக்க வேண்டும்.

5. ஸ்ரீவைகுண்டம் அணையில் வடகால், தென்கால், ஆலைக் குழாய் மூன்றிலும் அன்றாடம் போகும் தண்ணி அளவை அணைக்கரையில் போர்டு வைத்து எழுத வேண்டும். தூர்வாரும் வேலையின் முன், பின் அளவுகளை அதே இடத்தில் ஒட்ட வேண்டும்.

6. 1969 சட்டப்படி குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்ய ஒவ்வொரு வருவாய்க் கிராமத்திலும் முகாம் நடத்த வேண்டும்.

தோழர்களே! இந்த ஆறு கோரிக்கையில் ஒன்றுகூட அரசாங்கத்திடம் இலவசம் கேட்கவில்லை. நம் பணத்துக்குக் கணக்கு, நம் ஆற்றுக்குக் கணக்கு, நம் நிலத்துக்குக் காகிதம், இவ்வளவுதான் கேட்கிறோம். இந்தக் கோரிக்கை மனுவில் ஊருக்கு ஊர் கையெழுத்தும் கைநாட்டும் வாங்குவோம். கட்சி வித்தியாசம் வேண்டாம், சாதி வித்தியாசம் வேண்டாம், வடகால் தென்கால் என்ற வித்தியாசமும் வேண்டாம். தாலுகா அலுவலகத்தின் முன் திரளுவோம். நம் தொகுதி சட்டமன்ற உறுப்பினர் யாராக இருந்தாலும், எந்தக் கட்சியாக இருந்தாலும், அவர் கையில் மனுவைக் கொடுத்து, சட்டமன்றத்தில் பேசுவேன் என்ற வாக்குறுதியை எழுத்தில் வாங்குவோம். ஆம், எழுத்தில்!

கணக்கைக் காட்டு! காகிதத்தைக் காப்பாற்று!
தாமிரபரணி தண்ணீர் கடைமடைக்கும் வரட்டும்!
குத்தகைக்காரன் பெயர் பதிவேட்டில் ஏறட்டும்!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!
ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!